நாலில் முடியும் தட்டு

எமர்ஜென்சி முடிந்து தேர்தல் நடந்த அந்த வருஷம் வைகாசி மாதத்தில், செம்பாறைக்குளத்துக் கல்யாண வீடு ஒன்றில், பதினாலு வருஷமாக ஒரு பிசகும் இல்லாமல் பாடிக்கொண்டிருந்த இசைத்தட்டுக்குள் இருந்த பெண்ணுக்கு மூச்சு வாங்கியது.

அதை முதலில் கேட்டவர் பலவேசம். செம்பாறைக்குளத்துக்கும் சுற்றி ஏழெட்டு ஊருக்கும் அவர்தான் ரேடியோ செட் போடுகிறவர். கல்யாணமோ சடங்கோ கோயில் கொடையோ, கூம்புக் குழாயை வேப்பமரத்தில் கட்டிவிட்டு, பந்தலின் மூலையில் பெஞ்சு போட்டு, தட்டுச் சுற்றும் பெட்டியைத் திறந்துவைத்து அவர் உட்கார்ந்தால், கடைசிப் பந்தி எழுந்திருக்கும்வரை அந்த இடத்தைவிட்டு அசையமாட்டார். பாட்டு முடிந்து முள் உள்ளே கடைசி வளையத்துக்கு வந்து 'கரகர' என்று ஒரு தடவை உரசுவதற்குள் முள் பொருத்திய கையைத் தூக்கிவிடுவார். முள் வீணாகத் தேயக்கூடாது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தட்டைக்கூட அவர் அந்த வளையத்தில் இரண்டாவது சுற்று ஓடவிட்டதில்லை.

மூச்சு வாங்கியது பெண்ணழைப்புப் பாட்டில். சின்னத் தட்டு, நடுவில் சிவப்புக் காகிதம், பாடியவர் ஆர். குமுதவல்லி என்று அதில் போட்டிருக்கும். மறுபக்கத்தில் பாட்டு கிடையாது, நாதஸ்வரம் மட்டும். குமுதவல்லி வேறு ஏதாவது பாடியிருக்கிறாளா என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை. ஆனால் அவள் பாடாமல் செம்பாறைக்குளத்தில் எந்தப் பெண்ணும் மாப்பிள்ளை வீட்டுப் படியேறியதில்லை. மூன்றாவது அடியில் குரல் படிப்படியாக ஏறி உச்சிக்குப் போய் அங்கேயே நின்று ஒரு சுற்றுச் சுற்றி இறங்கும். அந்த இடத்தில்தான் பெண்ணின் வலது கால் வாசல்படியைத் தாண்டவேண்டும் என்பது ஊர் வழக்கம். அன்றைக்கு அந்தப் பெண் காலைத் தூக்கிய நேரத்தில் குமுதவல்லி பாதி ஏற்றத்தில் நின்று, மூச்சை இழுத்து, பிறகு மீதியைப் பாடினாள். காலைத் தூக்கிய பெண்ணும் அதுவரைக்கும் காலை இறக்காமல் பொறுத்து நின்றாள்.

கரண்டு குறைந்திருக்கும் என்று பலவேசம் நினைத்தார். முள்ளைத் துடைத்தார். மறுநாள் புது முள் மாற்றினார். அதே இடத்தில் அவள் மறுபடி நின்று மூச்சு வாங்கினாள், இந்தத் தடவை இரண்டு இடத்தில். தட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் வைத்துப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது, பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவருடைய மனைவி பிரம்மசக்தி ஈரக் கையோடு உள்ளே வந்தாள். அவள் சர்க்கார் மருத்துவச்சி. ஊரில் பாதிப் பேரின் தலையை முதன்முதலில் தாங்கியது அவளுடைய இரண்டு கைகள்தான், எல்லோருக்கும் நர்சம்மா.

"யாரு அது, மாசமா இருக்கிற பொம்பள?" என்று கேட்டாள்.

"இங்க யாரும் வரலையே."

"பாடுதாளே, அவதான். இன்னொரு தடவ போடுங்க."

போட்டார். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு பைக்குள்ளிருந்து, வயிற்றில் வைத்துப் பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்கிற மரக்குழலை எடுத்துவந்து, பெட்டியின் ஒலி வருகிற துணியில் அகலமான வாயை வைத்து, மறுமுனையில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள். பாட்டு முடிகிறவரைக்கும் அசையவில்லை.

"அஞ்சு மாசம் இருக்கும்," என்றாள். "துடிப்பு நல்லா இருக்கு. ஆனா உச்சிக்குப் போகும்போது ரொம்பக் கஷ்டப்படுதா. அங்க அவள ரொம்ப நிக்க வைக்காதீங்க."

"நான் எங்க நிக்க வைக்குதேன் பிரம்மு? தட்டு அதும்பாட்டுக்கு ஓடுது."

"அப்போ அடிக்கடி போடாதீங்க," என்று சொல்லிவிட்டு, கர்ப்பிணிகள் பதிவேட்டை எடுத்து, குமுதவல்லி, பலவேசம் வீடு, ஐந்து மாதம் என்று எழுதிக்கொண்டாள்.

ஊருக்கு இது தெரிய ஒரு நாள்தான் ஆனது, பழகிப்போக இன்னொரு நாள். பிள்ளைத்தாய்ச்சி வந்து பெண்ணழைத்தால் அந்தப் பெண்ணுக்கும் சீக்கிரம் வயிறு திறக்கும் என்று சொல்லி ஆனி மாதத்து முகூர்த்தக்காரர்கள் எல்லாரும் அவளையே கேட்டார்கள். கூடவே சில ஒழுங்குகளும் தானாக ஏற்பட்டன: வெயில் ஏறிய பிறகு அவளைப் பாடச் சொல்லக்கூடாது, ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் கூடாது, குலுங்குகிற வேனில் ஏற்றக்கூடாது, மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி அதன்மேல் வைத்துத்தான் கொண்டுபோகவேண்டும், சாவு வீட்டுப்பக்கம் அந்தப் பெட்டியே போகக்கூடாது. தையல்காரர் கந்தையா வெட்டுத்துணிகளை அடுக்கி, நடுவில் பஞ்சு வைத்து, தட்டுக்கு ஒரு மெத்தை உறை தைத்துக் கொடுத்தார். கல்யாண வீட்டுப் பெண்கள் வரிசையாக வந்து பெட்டிக்குப் பக்கத்தில் மாங்காய்க் கீற்றும் புளியங்காயும் வைத்துவிட்டுப் போனார்கள். பாட்டு முடிந்ததும் அவற்றைப் பலவேசம் தின்னவேண்டியிருந்தது, ஆவணி வரைக்கும் அவருக்குப் பல் கூச்சம் தீரவில்லை. பிள்ளைக்குத் தகப்பன் யார் என்ற பேச்சும் வந்தது. கோயில் வாசலில் கூடியவர்கள் அதை யோசித்து, மறுபக்கத்து நாதஸ்வரக்காரராகத்தான் இருக்கவேண்டும், பதினாலு வருஷம் ஒரே தட்டில் முதுகோடு முதுகு ஒட்டிக் கிடந்தவர்கள், இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை என்று முடிவு செய்து, எழுந்து போய்விட்டார்கள்.

ஆனி முடிகிற சமயத்தில் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து அந்தோணிமுத்து வந்தார். அவரும் சவுண்ட் சர்வீஸ்காரர். மடியில் ஒரு தட்டு வைத்திருந்தார், அதே பெண்ணழைப்புப் பாட்டு, அதே சிவப்புக் காகிதம்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கக் கூடாது," என்றார். "முள்ளு ஓடுற பள்ளம் தேஞ்சா இழுக்கத்தான் செய்யும். அத வச்சு ஊரே இப்படிப் பேசிக்கிட்டிருக்கு. என் தட்டப் போட்டுப் பாருங்க. கல்லு மாதிரி பாடுதா."

ரேடியோ செட் கடை வாசலில் இருபது பேர் நின்றார்கள். பலவேசம் போட்டார். அக்கரைத் தட்டில் குமுதவல்லி தடங்கலில்லாமல் ஒரே மூச்சில் ஏறி, உச்சியில் சுற்றி, இறங்கினாள். கந்தையா தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாதமாகத் தாங்கள் மாங்காய் வைத்தது தேய்ந்துபோன ஒரு பள்ளத்துக்கா என்ற நினைப்பு எல்லார் முகத்திலும் வந்துவிட்டது. தன் தட்டு தேயவில்லை என்று பலவேசத்துக்குத் தெரியும். தெரிந்ததைக் காட்டுவது எப்படி என்றுதான் தெரியவில்லை.

இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு வெயிலுக்கு வந்தார். தட்டு வாங்கும்போது அவர் காகிதத்தைப் பார்க்கமாட்டார், கம்பெனிக்காரன் இன்றைக்குச் சிவப்பு ஒட்டுவான், நாளைக்கு நீலம் ஒட்டுவான். பாட்டின் பள்ளம் முடிந்து காகிதம் தொடங்குவதற்குள் ஒரு விரற்கடை அகலத்துக்கு வழவழவென்று ஒரு கறுப்பு வட்டம் இருக்கும். தட்டைச் சாய்த்து, வெளிச்சம் அதன்மேல் வழுகி ஓடும்படி பிடித்தால், அங்கே ஊசியால் கீறியது போல எண்கள் தெரியும். பலவேசம் அதைத்தான் பார்ப்பார், ஜாதகம் பார்க்கிற மாதிரி. முதலில் ஒரு நீளமான எண், அது பாட்டின் எண். அதற்கப்புறம் ஒரு சின்னக் கோடு. கோட்டுக்குப் பிறகு கையால் கீறிய ஒற்றை எண். அந்தோணிமுத்துவின் தட்டில் நீளமான எண் அப்படியே இருந்தது. கோட்டுக்குப் பிறகு ஒன்று. இவருடைய தட்டில் கோட்டுக்குப் பிறகு நாலு.

"இங்க வாங்க," என்று கூப்பிட்டார். "பாட்டு ஒண்ணுதான். ஆனா இது முதல் தடவ பாடினது. என்கிட்ட இருக்கிறது நாலாவது தடவ பாடினது. ரெண்டும் ஒரே ஆளுதான், ஆனா ஒரே வேள இல்ல."

அந்தோணிமுத்து இரண்டையும் வாங்கி மாறி மாறிச் சாய்த்துப் பார்த்தார். அவரும் தொழில்காரர்.

"அப்போ என் தட்டுல இருக்கிறவ இன்னும் மாசமாகல," என்றார்.

"ஆகல."

அவர் தன் தட்டைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, போகும்போது பெட்டிக்கு முன்னால் ஒரு கொய்யாப்பழத்தை வைத்துவிட்டுப் போனார்.

முதல் தடவை பாடியதற்கும் நாலாவது தடவை பாடியதற்கும் நடுவில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளாமல் பலவேசத்துக்குச் சோறு இறங்கவில்லை. சென்னையில் இருக்கிற கம்பெனிக்கு, எண்ணை முழுசாக எழுதி, கடைசியில் நாலு என்பதைத் தடிப்பாக எழுதி, ஒரு கடிதம் போட்டார். ஆடி பிறந்த மறுவாரம் பதில் வந்தது. அச்சுப் பிரிவில் வேலை பார்க்கிற ஒருவர் நுணுக்கமான கையெழுத்தில் எழுதியிருந்தார். முதல் அச்சு கெட்டுப்போனதாக நினைத்து மூன்று மாதம் கழித்து அந்த அம்மாளை மறுபடி கூப்பிட்டுப் பாடவைத்ததாகவும், இரண்டும் மூன்றும் சரிவராமல் நாலாவது நன்றாக வந்ததாகவும், அதில் நூறு தட்டு அடித்ததுமே அச்சு விரிசல் விட்டதாகவும், பிறகு பழையதையே செப்பனிட்டு ஓட்டியதாகவும், நாலில் விற்காமல் திரும்பி வந்தவற்றை உருக்கிவிட்டதாகவும் அதில் இருந்தது. கீழே இன்னொரு வரி: 'இதே எண்ணைக் கேட்டு அந்த அம்மாள் வருஷத்துக்கு ஒரு கடிதம் போடுகிறார். ஒன்றுகூட எங்களிடம் இல்லை என்று எழுதி எழுதி எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. விலாசம் தருகிறேன்.'

விலாசம் திண்டுக்கல்லில் ஓர் அச்சகத்தின் பெயரில் இருந்தது.

அந்தக் கடிதத்தை எழுதப் புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு நாள் உட்கார்ந்தார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண்பிள்ளைக்கு இதை எப்படி எழுதுவது? கடைசியில் பிரம்மசக்தி சொல்ல, பலவேசம் எழுதினார்: 'அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். உங்கள் பெண்ணழைப்புப் பாட்டு, நாலில் முடிகிற தட்டு, எங்களிடம் இருக்கிறது. அதில் தாங்கள் நலமாக இருக்கிறீர்கள். ஏழாவது மாதம் நடக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. முடிந்தால் வந்து பார்க்கவும்.'

பதில் வரவில்லை. ஆவணி மூன்றாம் தேதி பத்துமணி பஸ்ஸிலிருந்து குமுதவல்லி அம்மாவே இறங்கி வந்தார். நாற்பதைத் தாண்டியவர். அச்சகத்தில் புத்தகம் பைண்டிங் செய்கிற வேலை, விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து வெளுத்திருந்தது. தண்ணீர்கூடக் குடிக்காமல் தட்டைப் பார்க்கவேண்டும் என்றார். பலவேசம் உறையிலிருந்து எடுத்துக் கொடுத்ததும், அதை இரண்டு உள்ளங்கைகளாலும் ஓரத்தில் பிடித்து, வாசல் வெளிச்சத்துக்கு வந்து, மெல்லச் சாய்த்தார். சவுண்ட் சர்வீஸ்காரர்களைத் தவிர வேறொருவர் தட்டை அப்படிச் சாய்த்துப் பார்த்துப் பலவேசம் கண்டதில்லை. வெளிச்சம் வழுகி ஓடி நாலின் மேல் நின்றது. அந்த அம்மா சுட்டுவிரலால் அதைத் தடவினார். தட்டின் முகத்தில் யார் விரல் பட்டாலும் பதறுகிறவர் பலவேசம்; அன்றைக்குப் பேசாமல் நின்றார்.

போட்டுக் கேட்டார்கள். மூச்சு வாங்குகிற இடத்தில் அந்த அம்மாவின் கை தானாக வயிற்றுக்குப் போனது.

"முதல்ல ஐப்பசில பாடினேன்," என்று பிரம்மசக்தியிடம் சொன்னார். "அந்தப் பாட்டுல மிருதங்கம் வாசிக்கிறது என் வீட்டுக்காரர். தை மாசம் மறுபடி கூப்பிட்டாங்க. அப்ப எனக்கு மூணு மாசம். அவர்கிட்டகூடச் சொல்லல, பாடி முடிச்சிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். ரெண்டாவது தடவையும் மூணாவது தடவையும் வாந்தி வந்து நிறுத்திட்டேன். நாலாவது தடவை ஒண்ணும் பண்ணல. ரெண்டு பேரா நின்னு பாடுற மாதிரி இருந்துச்சு."

"அப்புறம்?"

"அஞ்சாம் மாசம் தங்கல. அதுக்கப்புறம் உண்டாகவே இல்ல. ஆறு வருஷத்துல அவரும் போயிட்டாரு." பெட்டியைப் பார்த்தார். "அது இந்த உலகத்துல இருந்ததுக்கு வேற ஒரு அடையாளமும் இல்ல, அந்த நாலாவது பாட்டைத் தவிர. கடைகடையா ஏறித் தட்டைத் திருப்பித் திருப்பிப் பாப்பேன். எல்லாம் ஒண்ணுலதான் முடியும்."

பிரம்மசக்தி புருஷனைப் பார்த்தாள். "எங்களுக்கும் இவ அஞ்சாம் மாசத்துலதான் மூச்சு வாங்க ஆரம்பிச்சா," என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் விளக்கம் தேடவில்லை. குமுதவல்லி அம்மா அச்சகத்துக்கு லீவு எழுதிப் போட்டுவிட்டுத் தங்கிவிட்டார்.

தட்டுக்கு வளைகாப்பு நடத்துவதில் ஊருக்கு அதுவரைக்கும் ஒரு சிக்கல் இருந்தது. வளையலை எதில் மாட்டுவது? முள் இருக்கிற கையில் மாட்டலாம் என்று ஒரு கட்சி, அது பலவேசத்தின் கை மாதிரி, ஆம்பிளைக் கை, கூடாது என்று இன்னொரு கட்சி. ஆடி மாதம் வந்து தகராறைத் தள்ளிப்போட்டிருந்தது. இப்போது பசை காய்ந்த இரண்டு கைகள் ஊருக்கு வந்து சேர்ந்திருந்தன. ஆனால் அந்தக் கைகள் தாலியறுத்தவளின் கைகளாயிற்றே என்று யாரோ மெல்ல இழுத்தார்கள். தையல்காரர் கந்தையாவின் மனைவி சண்முகக்கனி கண்ணாடி வளையல் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டே பதில் சொன்னாள்: "தட்டுல இருக்கிறவளுக்குப் புருஷன் பக்கத்துல உக்காந்து மிருதங்கம் வாசிச்சுக்கிட்டிருக்காரு. காதிருக்கிறவுங்க கேட்டுக்கிடுங்க. பிள்ளைக்கு வளையல் சத்தம் கேக்கணும், அவ்வளவுதான் வேணும்."

ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் நடந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் பலகை போட்டுக் குமுதவல்லி அம்மாவை உட்காரவைத்து, முழங்கைவரைக்கும் பச்சையும் சிவப்புமாக அடுக்கினார்கள். ஐந்து வகைச் சோறு செய்தார்கள். பாட்டு ஓடும்போது அந்த அம்மா இரண்டு கைகளையும் தட்டின்மேல் ஆட்டினார். வளையல் சத்தத்துக்கு உள்ளேயிருந்து ஒரு உதை வந்தது. முள் ஒரு பள்ளம் தாண்டிக் குதித்தது. பாட்டுக்காரி சிரித்துக்கொண்டே அடுத்த அடியைப் பிடித்தாள். அன்றைக்குத்தான் அந்தப் பாட்டின் மிருதங்கத்தை ஊர் புதுசாகக் கேட்டது. நாதஸ்வரக்காரர்மேல் வீணாகச் சந்தேகப்பட்டதற்காகச் சிலர் தட்டைத் திருப்பி மறுபக்கத்துக்கும் ஒரு கற்பூரம் காட்டினார்கள்.

புரட்டாசி போய் ஐப்பசி பிறந்தது. முதல் மழை பெய்த அன்று காலையில் எட்டு மணிக்குப் பிரம்மசக்தி மரக்குழலைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "இன்னைக்குத்தான்," என்றாள்.

பலவேசம் வழக்கப்படி எழுந்து வாசலுக்குப் போகப்பார்த்தார். பிரசவம் என்றால் அவர் வெளியே. அவருடைய மகள் பொன்ராணி பிறந்தபோது முப்பது மைல் தள்ளி ஒரு கோயில் கொடையில் செட் போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் வந்துதான் பிள்ளையைப் பார்த்தார், பிரம்மசக்தி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் பிள்ளையை மடியில் வைத்தாள்.

"எங்க போறீங்க?" என்றாள் இப்போது. "உங்க கை இல்லாம முடியாது. உக்காருங்க."

தட்டைப் போட்டார். குமுதவல்லி அம்மா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே பாட்டுக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு பாடினாள், ஒரு சொல்லையும் விடவில்லை, உச்சிக்கும் போனாள், இறங்கினாள், மிருதங்கம் முத்தாய்ப்பு வைத்து ஓய்ந்தது, முள் கடைசி வளையத்துக்கு நகர்ந்தது, பலவேசத்தின் கை இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கத்தில் தானாக நீண்டது. பிரம்மசக்தி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுக்காதீங்க. மூணேகால் நிமிஷத்துல எந்தப் பிள்ள பிறக்கும்? இனிமேதான் அவளுக்கு நேரம் வேணும்."

முள் அந்த வளையத்தில் இரண்டாவது சுற்று ஓடியது. மூன்றாவது, பத்தாவது, நூறாவது. அந்த நாலு என்ற கீறலுக்கு அரை விரல் தள்ளி, முடிவில்லாத ஒற்றைப் பள்ளத்தில், பாட்டெல்லாம் முடிந்துபோன இடத்தில், ஒரு பெண் மூச்சை இழுத்து இழுத்து விடுவது கேட்டது. இத்தனை வருஷமும் தான் கேட்காமல் தூக்கிவிட்ட இடம் இதுதானா என்று பலவேசம் நினைத்தார்.

ஒன்பதரைக்கு மழையில் கரண்டு போனது. தட்டு தள்ளாடியது, உள்ளே மூச்சு இழுபட்டுக் கனத்து ஆண்குரல் மாதிரி இறங்கியது. குமுதவல்லி அம்மா "ஐயோ" என்று மட்டும் சொன்னார். பலவேசம் விரலை ஓரத்தில் வைத்துத் தட்டைச் சுற்ற ஆரம்பித்தார். ஆம்ப்ளிபையரை லாரி பேட்டரியில் கொடுத்துவிட்டார்கள், ஆனால் சக்கரத்தைச் சுற்றக் கைதான் வேண்டும். நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்று, கூடக்கூடாது, குறையக்கூடாது. கோயில் தவில்காரர் செல்லப்பா ஓடிவந்து, தொடையில் தாளம் போட்டுக் கணக்கு வைத்தார். அரை மணி நேரத்தில் பலவேசத்தின் விரல் மரத்துப்போனது. கந்தையா வாங்கிக்கொண்டார், இருபது வருஷம் மெஷின் சக்கரத்தை ஓட்டிய கை, கொஞ்சமும் பிசகவில்லை. அவருக்குப் பிறகு சண்முகக்கனி, அவளுக்குப் பிறகு மாவு மில்காரர், அவருக்குப் பிறகு அக்கரையிலிருந்து பரிசலில் நனைந்துகொண்டே வந்த அந்தோணிமுத்து. மழையில் வாசலில் வரிசை நின்றது. ஒரு கை எடுக்கும்போதே அடுத்த கை ஓரத்தைத் தொட்டது, நடுவில் ஒரு சுற்றுகூட நிற்கவில்லை.

"இழுத்து விடு தாயி," என்று பிரம்மசக்தி பெட்டிக்குள் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த குமுதவல்லி அம்மாவும் இழுத்து விட்டார். இரண்டு மூச்சும் ஒன்றாகப் போய்வந்தன. "இப்ப முக்கு. இன்னும் ஒரு தடவ. அவ்வளவுதான், தல வந்தாச்சு, இன்னும் ஒரே தடவ."

பதினொன்றே முக்காலுக்கு வாசல் வேப்பமரத்தில் கட்டியிருந்த கூம்புக் குழாயிலிருந்து பிள்ளை அழுகிற சத்தம் வந்தது. மழைக்கு மேலே, தெரு முழுக்க, குளத்தைத் தாண்டி வயல்வரைக்கும் கேட்டது. வயலில் நின்றவர்கள் தலைத்துண்டை அவிழ்த்தார்கள்.

"பொம்பளப் பிள்ள," என்றாள் பிரம்மசக்தி, காதால் மட்டும் பார்த்து. பிறகு புருஷனைப் பார்த்தாள். "கொடியறுக்கணும். முள்ளை எடுங்க."

லட்சம் தடவை முள்ளைத் தூக்கிய கை அன்றைக்குத் தயங்கியது. எடுத்தால் எல்லாம் நின்றுபோகுமோ என்று பயந்தார். அவள் பார்வை மாறவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, முள்ளின் கையை ஒரு நூலிழை தூக்கி, வெளியே கொண்டுவந்து, தாங்கியில் வைத்தார். வீடு அமைதியானது. குமுதவல்லி அம்மா கண்ணை மூடிக்கொண்டார். நூறுவரைக்கும் எண்ணிவிட்டு, பலவேசம் தானே தட்டைச் சுற்றி, முள்ளை அந்தக் கடைசி வளையத்தில் மட்டும் இறக்கினார். தாயும் பிள்ளையும் தூங்குகிற மூச்சு கேட்டது, ஒன்று நீளமாக, ஒன்று குட்டியாக.

பதினாறாம் நாள் பாட்டுக்காரி ஒரு கல்யாணத்தில் பாடினாள். ஒரே மூச்சில் ஏறினாள். முடிந்த பிறகு பலவேசம் முள்ளைத் தூக்கவில்லை, யாரும் தூக்கச் சொல்லவும் இல்லை. பிள்ளை பால் குடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பந்தி நடந்தது.

கார்த்திகையில் அச்சகத்திலிருந்து ஆள் கேட்டுக் கடிதம் வந்தது. குமுதவல்லி அம்மா தட்டைக் கேட்கவில்லை. ஊருடைய தட்டு, ஊரில் பிறந்த பிள்ளை, கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்திருக்கவேண்டும். துணிகளை மடித்துப் பைக்குள் வைத்தார், அதில் ஒன்றை எடுத்து மறுபடி மடித்தார். எடுத்துக்கொண்டு போங்கள் என்று ஊரும் தானாகச் சொல்லவில்லை. கோயில் வாசலில் இரண்டு நாள் பேச்சில்லாமல் உட்கார்ந்துவிட்டுக் கலைந்தார்கள். பலவேசத்துக்கும் மனசு வரவில்லை. அவள் இல்லாமல் நாளைக்கு எந்தப் பெண்ணை எந்தப் படி ஏற்றுவது? அதைவிட, சாயங்காலம் கடையை அடைக்கும் முன்னால் அந்தக் கடைசி வளையத்தில் முள்ளை வைத்து அந்தச் சின்ன மூச்சைக் கேட்காமல் வீட்டுக்குப் போவது அவரால் முடியாத காரியமாக ஆகியிருந்தது. பிரம்மசக்தி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. பொன்ராணி பிறந்த மூன்றாம் நாள் எப்படிப் பேசாமல் இருந்தாளோ அப்படி இருந்தாள்.

மறுநாள் காலையில் பலவேசம் தட்டை மெத்தை உறைக்குள் போட்டார். தட்டு மட்டும் போய் என்ன செய்யும் என்று, கைக்கு அடக்கமான சின்னப் பெட்டி ஒன்றையும் எடுத்துத் துடைத்தார். தெருவழியாக அவர் அதைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்ததும் ஊருக்குப் புரிந்துவிட்டது. வாசல்களிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். கந்தையா ஒரு சின்னத் தொட்டில் துணி வைத்திருந்தார், எப்போதோ தைத்து முடித்தது போல. சண்முகக்கனி வசம்பும் சாம்பிராணியும் முடிந்து கொடுத்தாள். தாய்வீட்டிலிருந்து போகிறவளை அனுப்புகிற மாதிரி எல்லாம் சேர்ந்துவிட்டது.

பஸ் நிறுத்தத்தில் நின்ற குமுதவல்லி அம்மாவின் கையில் தட்டை வைத்தபோது பலவேசம் சொன்னார்: "எங்களுக்கு ஒண்ணுல முடியுறது போதும். அக்கரையில ஒண்ணு இருக்கு, வாங்கிக்கிடுதேன். அவளும் நல்லாத்தான் பாடுதா."

அந்த அம்மா தட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். வளையல்கள் சத்தம் போட்டன. அவற்றை அவர் கழற்றவே இல்லை. பிரம்மசக்தி குனிந்து உறையின்மேல் முகத்தை வைத்து ஒரு தடவை மோந்துவிட்டு நகர்ந்தாள்.

திண்டுக்கல் பஸ் வந்தது. கூட்டம் அவர்களுக்கு வழிவிட்டு ஏற்றியது. குமுதவல்லி அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, தட்டை மடியில் படுக்கவைத்து, முந்தானையால் மூடினார். கண்டக்டர் வெளியூர்க்காரர், இந்தப் பாட்டைப் பற்றி ஒன்றும் கேள்விப்படாதவர். அவர் வந்து நின்று, மடியைப் பார்த்தார், அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே மழையில் அசையாமல் நின்ற ஊரைப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

"கைக்குழந்தைக்கு டிக்கெட் கிடையாதும்மா," என்றார். "ஜன்னல் பக்கம் சாரல் அடிக்கும். இந்தப் பக்கம் மாறி உக்காருங்க."

அந்த அம்மா மாறி உட்காரும்வரைக்கும் நின்றிருந்துவிட்டு, விசிலை மெதுவாக ஊதினார்.